கண்ணாடி முன் நிற்கும் தம்பி

ஐயா,

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். என் மகன் குரூப் 4 இரண்டு முறை எழுதித் தேறவில்லை. போன மாதம் ஒரு தன்னம்பிக்கைப் பயிற்சிக்கு ஆறாயிரம் கட்டிப் போய்வந்தான். அன்றிலிருந்து காலையில் கண்ணாடி முன் நின்று, "நான் ஜெயித்துவிட்டேன்" என்று நூறு தடவை சொல்கிறான். தாலுகா ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதாகக் கண்ணை மூடிப் பார்க்கிறான். 21 நாள் செய்தால் மூளையே மாறிவிடுமாம். இது நிஜமா, கட்டுக்கதையா?

பெயர் வேண்டாம், சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

மூளை மாறும், அது நிஜம்தான். எதை நினைத்தால் மாறும் என்பதில்தான் தகராறு.

முதலில் அந்த 21 நாள். மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், மூக்கைத் திருத்திக்கொண்டவர்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960-இல் எழுதினார். ஊர் ஊராகப் போனதில் 'குறைந்தது' என்ற சொல் உதிர்ந்துவிட்டது. பின்னாளில் லண்டனில் 96 பேரைக் கவனித்தபோது, ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்கச் சராசரியாக 66 நாள் ஆனது. ஒருவருக்கு 18 போதும், இன்னொருவருக்கு 254 தேவை என்று கணக்கு வந்தது.

அடுத்து மூளை. 1995-இல் மூளை ஆய்வாளர் அல்வரோ பாஸ்குவல்-லியோன் குழுவினர், பியானோ தெரியாதவர்களுக்கு ஐந்து விரல் பயிற்சி ஒன்றைக் கொடுத்தார்கள். தினம் 2 மணி நேரம், 5 நாள். ஒரு பிரிவினர் வாசித்தார்கள். இன்னொரு பிரிவினர் பியானோ முன் உட்கார்ந்து, விரலை அசைக்காமல் மனதுக்குள்ளேயே வாசித்தார்கள். விரல்களை ஆளும் மூளைப் பகுதி இரண்டு பிரிவினருக்கும் விரிந்திருந்தது! தன்னம்பிக்கைப் பயிற்சி நடத்துபவர்கள் மேடையில் சொல்வது இதுவரைக்கும்தான். நினைத்துப் பார்த்தவர்கள் வாசிப்பில் பின்தங்கியே இருந்தார்கள் என்பதைச் சொல்வதில்லை. அப்புறம், அவர்கள் நினைத்தது என்ன? கச்சேரி முடிந்து கேட்கும் கைதட்டலையா? ஒவ்வொரு விரலாக எங்கே வைப்பது என்பதைத்தான்.

உங்களுக்கே இது தெரியும். கொலுசில் பற்றவைப்புப் பொடி வைத்து நெருப்பை ஊதுவதற்கு முன் வளையம் எங்கே ஒட்ட வேண்டும் என்று மனம் ஒரு தரம் பார்த்துவிடுகிறதல்லவா? கடைக்காரர் பணம் எண்ணித் தருவதை அந்த நேரத்தில் நினைத்தால் வெள்ளி உருகி ஓடிவிடும்.

உளவியலாளர் ஷெல்லி டெய்லரும் உடன் ஆய்வு செய்தவரும் 1999-இல் கல்லூரி மாணவர்களிடம் இதையே சோதித்தார்கள். நல்ல மார்க் வாங்கியதாகக் கற்பனை செய்தவர்கள் படித்த நேரமும் குறைந்தது, மார்க்கும் குறைந்தது. எங்கே உட்கார்ந்து எப்படிப் படிக்கப்போகிறோம் என்று மனதில் ஓட்டிப் பார்த்தவர்கள் கூடுதல் மார்க் வாங்கினார்கள்.

எனக்கும் ஓர் அனுபவம் உண்டு. முதல் முறை ஏற்காட்டுக்கு பைக்கில் ஏறியபோது, ஏரிக்கரையில் சாப்பிடப்போகும் மிளகாய் பஜ்ஜி நினைப்பிலேயே போனேன். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவதில் கியரைக் குறைக்க மறந்து, வண்டி நின்று, பின்னால் உருளத் தொடங்கியது. பின்னால் வந்த பஸ் டிரைவர் என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது.

கண்ணாடி விஷயம்தான் எனக்குக் கவலை. கனடாவில் உளவியலாளர் ஜோஆன் வுட் குழு 2009-இல் கண்டது: தன்னைப் பற்றி ஏற்கெனவே தாழ்வாக நினைப்பவர்கள் "நான் அன்புக்குரியவன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னபோது மனம் இன்னும் சோர்ந்தது. சொல்லச் சொல்ல, உள்ளே ஒருவன் "பொய், பொய்" என்று பதில் சொல்லிக்கொண்டே இருப்பான் போல. இரண்டு முறை தோற்ற பையனுக்குள் அந்த ஆள் எவ்வளவு சத்தமாகப் பேசுவான்!

கேலி செய்து நிறுத்த வேண்டாம். போன தடவை வினாத்தாளை எடுத்துவரச் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். 200 கேள்வியில் தமிழ் மட்டும் 100. கணக்கு, திறனறிவு 25. எதில் விட்டான் என்று தம்பியே எண்ணட்டும். கண்ணை மூடுவதானால் நாளைக் காலை ஐந்தரை மணி, எந்த மேசை, எந்தப் பாடம், முதல் கணக்கு எது என்று பார்க்கட்டும். அந்த ஆறாயிரம் போனது போனதுதான்.