உள்ளூரிலேயே ஊர் சுற்ற...

கேள்வி: பிறந்து வளர்ந்தது மதுரைதான். ஆனால் திருமலை நாயக்கர் மகாலைக் கடைசியாகப் பார்த்தது பள்ளிச் சுற்றுலாவில்! வெளியூர்க்காரர் மாதிரி ஒரு நாள் ஊரைச் சுற்ற வழி சொல்லுங்களேன்.
- வாசகி, எல்லீஸ் நகர்

பதில்: எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பினால் கால்வலிதான் மிஞ்சும். மீனாட்சியம்மன் கோயிலில் முக்குறுணிப் பிள்ளையார், மகால், தெப்பக்குளம் மூன்றும் போதும். மகாலுக்குச் செங்கல் சுட மண்ணெடுத்த பள்ளமே வண்டியூர்த் தெப்பக்குளம், அங்கே தோண்டும்போது கிடைத்தவரே இந்தப் பிள்ளையார் என்பது ஊர் வழக்கு.

காலை 6 மணிக்குக் கோயிலில் இருங்கள். 12.30க்கு நடை சாத்தினால் மாலை 4க்குத்தான் திறப்பார்கள். டிபனை முடித்துக்கொண்டு 11 மணிக்குப் போனால் வரிசையில் நிற்பதோடு சரி; ஆடி வீதிக் கல்லும் அதற்குள் கொதிக்க ஆரம்பித்துவிடும். 2018 முதல் உள்ளே செல்போன் கிடையாது, வீட்டிலேயே வைத்துவிடுங்கள். செருப்பை எந்த வாசலில் விட்டீர்களோ அதே வாசலில் வெளியே வாருங்கள். இல்லையென்றால் வெறுங்காலோடு சித்திரை வீதியைச் சுற்ற வேண்டும். அம்மன் சன்னதியிலிருந்து சுவாமி சன்னதிக்குப் போகும்போது பிள்ளையார் எதிரிலேயே இருப்பார். ஒரு குறுணி ஆறு படி. சதுர்த்திக்கு 18 படி அரிசியில் ஒரே கொழுக்கட்டை. பெயர்க்காரணம் அதுதான்.

அடுத்து 1636இல் எழுந்த மகால். நிமிர்ந்து கூரையை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். தூண் கல் போலத் தெரியும். உள்ளே செங்கல், மேலே சுண்ணாம்புச் சாந்து. பூச்சு உதிர்ந்த இடம் கண்ணில் பட்டால் நின்று பாருங்கள், வண்டியூர் மண் தெரியும். இன்று நிற்பது பழைய அரண்மனையில் ஏறக்குறைய கால் பங்குதான்.

தெப்பக்குளத்துக்கு மாலை 5 மணிக்கு மேல். உச்சி வெயிலில் அங்கே ஒன்றும் இல்லை, சூடுதான். இருட்டுவதற்குள் படித்துறையில் உட்கார்ந்தால் மைய மண்டபம் நன்றாகத் தெரியும். பிறகு தள்ளுவண்டியில் ஒரு பருத்திப்பால். சுக்கு உறைக்க வேண்டும். வெறும் வெல்லமாக இனித்தால் அடுத்த வண்டி.

கேள்வி: அதே நாளில் காந்தி மியூசியத்தையும் சேர்க்கலாமா?
- வாசகர், அண்ணா நகர்

பதில்: வெள்ளிக்கிழமை தவிர. அன்று விடுமுறை, கோயிலிலும் கூட்டம். மதியம் 1 முதல் 2 வரை சாப்பாட்டு இடைவேளை, ஆகவே மகாலை முடித்துக்கொண்டு 2 மணிக்கு மேல் வைகையைத் தாண்டுங்கள். கட்டடமே ராணி மங்கம்மாள் அரண்மனை. காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த துணி அங்கே இருக்கிறது. அதற்கு மட்டுமாவது நேரம் ஒதுக்குங்கள்.