துர்முஸ் சுண்டல்: கசப்பு போகாமல் வாயில் வைக்காதீர்கள்

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறேன், வயது 59. பத்து வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. ப்ராஸ்டேட் வீக்கத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். குவைத்திலிருந்து வந்த மகன் ‘துர்முஸ்’ என்று இரண்டு கிலோ காய்ந்த பருப்பு கொண்டுவந்தான். கறியைவிடப் புரதம் அதிகமாம். குக்கரில் வேகவைத்துச் சுண்டல் செய்தோம், ஒரே கசப்பு. சாப்பிடலாமா? வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பேரனுக்குக் கொடுக்கலாமா? பொன்னேரியில் இருக்கும் எங்கள் வயலில் இது விளையுமா?

பதில்: முதலில் பேரன். அவனுக்குக் கொடுக்கவே வேண்டாம். துர்முஸ் என்பது லூபின். வேர்க்கடலைக்கு உறவுப் பயிர். கடலை ஒவ்வாதவர்களில் சிலருக்கு இதுவும் ஒவ்வாது. தெரியாமல் தின்று உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள், உடனே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

அடுத்து அந்தக் கசப்பு. அது லூபனைன், ஸ்பார்ட்டின் போன்ற ஆல்கலாய்டுகள், அதாவது செடியிலேயே இருக்கும் நச்சுப் பொருள்கள். அளவு கூடினால் வாய் வறளும், பார்வை மங்கும், நெஞ்சு படபடக்கும், சிறுநீர் அடைத்துக்கொள்ளும். ப்ராஸ்டேட் வீக்கம் உள்ள உங்களுக்கு நான் பயப்படுவது இந்தக் கடைசி விஷயத்துக்குத்தான். செய்த சுண்டலைக் கொட்டிவிடுங்கள். சூட்டில் இந்த நஞ்சு அழியாது, தண்ணீரில்தான் இறங்கும். சுண்டல் வேகவைத்த தண்ணீரை ரசத்தில் ஊற்றுவது நம் வீட்டு வழக்கம். இதில் அதைச் செய்யவே கூடாது.

மீதிப் பருப்பை ஒரு இரவு ஊறவைத்து, ஒரு மணி நேரம் வேகவைத்து வடித்துவிடுங்கள். பிறகு தினமும் இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றி, ஐந்தாறு நாள் ஊறவிடுங்கள். நாக்கில் கசப்பே தெரியாத அன்றுதான் அது சாப்பாடு. லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை வைக்கும் தெருவில் இது சின்ன வேலை இல்லை என்று எனக்கும் தெரியும். முடியாவிட்டால் விட்டுவிடுங்கள், நஷ்டம் ஒன்றும் இல்லை.

பக்குவப்படுத்தினால் நல்ல உணவுதான். காய்ந்த பருப்பு 100 கிராமில் சுமார் 36 கிராம் புரதம், கொண்டைக்கடலையில் இருப்பதைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல். மகன் சொல்வது இந்தக் கணக்கு. வெந்தபின் 100 கிராமுக்குப் பதினைந்து கிராம்தான் நிற்கும், கறியை மிஞ்சாது. மாவுச்சத்து மிகக் குறைவு, நார்ச்சத்து அதிகம் என்பதால் சர்க்கரை சட்டென்று ஏறாது. ஒரு சின்னக் கிண்ணம் போதும். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவு ரத்தத்தில் கூடியிருந்தால் உங்கள் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம். பாட்டிலில் வரும் உப்புநீர் துர்முஸ் என்றால், நன்றாக அலசிவிட்டுச் சாப்பிடுங்கள்.

நிலத்துக்கு வருகிறேன். லூபின் காற்றிலுள்ள நைட்ரஜனை வேரில் பிடித்து மண்ணுக்குத் தரும். வெள்ளை லூபினின் கொத்துவேர்கள் மண்ணில் இறுகிக் கிடக்கும் பாஸ்பரஸைக் கரைத்து எடுக்கும். ரோமானியர் காலத்திலேயே அதை மடக்கி உழுது உரமாக்கியிருக்கிறார்கள். 1920களின் இறுதியில் ஜெர்மனியில் கசப்பு குறைந்த ரகங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்று மேற்கு ஆஸ்திரேலியாவின் மணல் நிலங்களில் லூபின் பெருமளவில் விளைகிறது. ஆனால் அது குளிர்காலப் பயிர். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். பொன்னேரிப் பக்கத்து நெல் வயலுக்கு நான் சொல்ல மாட்டேன். நெல்லுக்குமுன் தக்கைப்பூண்டு, அறுப்புக்குப்பின் உளுந்தோ பச்சைப்பயறோ போடுங்கள். மண்ணுக்கு அதே நைட்ரஜன் கிடைக்கும். அந்தப் பயறைப் பேரனுக்குச் சுண்டலாகவும் கொடுக்கலாம். முதல் தடவை மட்டும் கொஞ்சமாகக் கொடுத்துப் பாருங்கள்.