ஈசிஜி நார்மல், பிறகு விரல் ஏன் மரத்துப்போகிறது?

கேள்வி: எனக்கு 34 வயது. இரண்டு மாதமாகத் திடீர் திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, விரல்கள் மரத்து மடங்கிக்கொள்கின்றன. செத்துவிடுவேனோ என்று பயம். ஈசிஜி, எக்கோ, தைராய்டு எல்லாம் நார்மல். ‘எல்லாம் மனப்பிரமை’ என்கிறார்கள் வீட்டில். அப்படித்தானா?

மருத்துவர் பதில்: பிரமை இல்லை அம்மா. நீங்கள் சொல்வதெல்லாம் உடம்பில் நிஜமாகவே நடக்கிறது. இது பேனிக் அட்டாக், அதாவது திடீரென்று வரும் கடும் பீதி போலத் தெரிகிறது. திரும்பத் திரும்ப வந்து, ‘அடுத்தது எப்போது வருமோ’ என்ற பயமும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் பேனிக் டிஸார்டர் என்போம்.

காலடியில் பாம்பைப் பார்த்தால் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும்? அதே வேலைதான் இங்கேயும் நடக்கிறது. ஆபத்தே இல்லாதபோது மூளை ஆபத்து என்று முடிவுகட்டிவிடுகிறது. உடனே நரம்புகள் இதயத்தை விரட்டுகின்றன. சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் சுரப்பி அட்ரினலினைச் சுரக்கிறது. படபடப்பு, வியர்வை, நடுக்கம் எல்லாம் அதனால்தான்.

விரல்கள் மரப்பதற்குக் காரணம் மூச்சு. பயத்தில் வேகவேகமாக மூச்சு விடும்போது கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி வெளியே போய்விடுகிறது. ரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. அதில் தனியாக இருக்க வேண்டிய கால்சியம் புரதத்தோடு ஒட்டிக்கொள்ள, நரம்புகள் தாமாகவே துடிக்கின்றன. உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் எறும்பு ஊர்வது போலிருக்கும். சிலர் என்னிடம் வரும்போது, திருநீறு எடுக்கக் குவித்த மாதிரியே விரல்கள் இறுகி நிற்கும். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்களும் சுருங்குவதால் தலை சுற்றும். ‘காற்று போதவில்லை’ என்று தோன்றும் அந்த நேரத்தில் உண்மையில் நீங்கள் கூடுதலாகத்தான் மூச்சு விடுகிறீர்கள்.

அதனால் ‘நல்லா இழுத்து மூச்சு விடு’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மூக்கால் மெதுவாக 4 எண்ணும்வரை இழுத்து, 6 எண்ணும்வரை வெளியே விடுங்கள். அட்டாக் பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கிவிடும். காகிதப் பைக்குள் மூச்சு விட வேண்டாம். ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருந்தால் அது ஆபத்து.

இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. சிபிடி என்னும் பேச்சு சிகிச்சையும் செர்ட்ரலின் போன்ற மாத்திரைகளும் நன்றாகவே உதவுகின்றன. மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். முதல் வாரம் படபடப்பு கொஞ்சம் கூடினாலும் நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஸ்ட்ராங் காபியைக் குறையுங்கள். நடக்கும்போது நெஞ்சு வலித்தாலோ, மயங்கி விழுந்தாலோ, பேனிக் என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மனநல மருத்துவரைப் பார்க்கும்போது, பிரமை என்று சொன்னவர்களில் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவரும் காதால் கேட்கட்டும்.