வாயா, மனசா? கேட்டவையும் சொன்னவையும்

அம்மா வழி கத்தோலிக்கம், அப்பா வழி சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை என்ற புராட்டஸ்டன்ட் சபை. காரைக்குடியில் பல வருடம் வேதபாடம் நடத்தியிருக்கிறேன். இந்த வாரம் வந்த கேள்விகள் இவை.

தேவகோட்டையிலிருந்து: ஐயா, கன்வென்ஷன் கூட்டத்தில் போதகர் சொல்லச் சொல்ல அறிக்கை ஜெபம் செய்தேன். மனசு அப்படியேதான் இருக்கிறது. நான் இரட்சிக்கப்பட்டவனா?

தம்பி, அந்த ஜெபம் பவுல் எழுதிய ரோமர் 10:9-ஐ வைத்துக் கட்டியது. இயேசுவை ஆண்டவர் என்று வாயால் அறிக்கையிட்டு, தேவன் அவரை மரித்தோரிலிருந்து எழுப்பினார் என்று இருதயத்தில் விசுவாசித்தால் இரட்சிக்கப்படுவாய் என்கிறது அது. அங்கே வாய் முதலில், இருதயம் பின்னால். அடுத்த வசனத்திலேயே பவுல் வரிசையைத் திருப்பிவிடுகிறார். 8-ஆம் வசனத்தில் அவர் எடுத்தாளும் உபாகமம் 30:14-இல் வாய்தான் முன்னால் வருகிறது. 9-ஆம் வசனம் அதை ஒட்டிப் போகிறது, அவ்வளவுதான். முதல் படி, இரண்டாம் படி என்று அவர் ஏணி போடவில்லை. அறிக்கைக்கான கிரேக்கச் சொல்லுக்கு 'அதையே சொல்லுதல், ஒத்துக்கொள்ளுதல்' என்று பொருள். அப்புறம், உருக்கம் வரும், போகும். அது விசுவாசம் இல்லை. யாரை நம்பி நிற்கிறீர்கள் என்று பாருங்கள்.

பள்ளத்தூரிலிருந்து: எங்கள் அத்தைக்குப் பிறவியிலேயே பேச்சு வராது. நெற்றியில் சிலுவை மட்டும் போடுவார். அவர் எப்படி அறிக்கை செய்வது?

நெற்றியில் சிலுவை போடுகிறாரே, அதுதான் அறிக்கை.

காரைக்குடியிலிருந்து: நான் சி.எஸ்.ஐ. மாமியார் வீடு கத்தோலிக்கம். பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது, செய்தால்தான் மோட்சம் என்கிறார்கள். ஆண்டவரிடம் நேரே சொன்னால் போதாதா?

முதலில், அந்தக் கடமை கத்தோலிக்கருக்குத்தான், உங்களுக்கு இல்லை. வருடத்துக்கு ஒருமுறையாவது செய்ய வேண்டும் என்று 1215-இல் ரோமில் ஆயர்கள் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் விதித்தது. அங்கும் சாவான பாவத்தை, அதாவது தெரிந்தே மனதாரச் செய்த கனமான பாவத்தைத்தான் கட்டாயம் சொல்லியாக வேண்டும். குருவைப் பார்க்க வழியில்லாமல் சாகக் கிடப்பவருக்கு உத்தம மனஸ்தாபமே, அதாவது கடவுள்மேல் உள்ள அன்பினால் பாவத்துக்காக வருந்துவதே போதும். இதை மாமியாரிடம் மெதுவாகச் சொல்லுங்கள். உங்கள் சபையிலும் திருவிருந்துக்கு முன் எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்கிறீர்கள், ஆயர் மன்னிப்பு கூறுகிறார். நம் ஊருக்குப் புரோநோட்டு புதிதல்ல. கொலோசெயர் 2:14-இல் நமக்கு எதிரான கடன் சீட்டைச் சிலுவையில் ஆணியடித்து ரத்து செய்தார் என்று வருகிறது. கடன் இருந்தது உண்மை என்று ஒத்துக்கொள்வது தள்ளுபடிக்குக் கொடுக்கும் விலை ஆகாது. குருவிடம் சொன்னாலும் சரி, நேரே சொன்னாலும் சரி.

கோட்டையூரிலிருந்து: விசுவாசம் மட்டுமா, நற்செயலுமா? இரண்டு சபைக்கும் சண்டை தீர்ந்ததா?

பெரும்பாலும். மீட்பு கிருபையால், நற்செயல் அதன் கனி என்று லூத்தரன் உலகச் சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் 1999-இல் அவுக்ஸ்பர்க்கில் கையெழுத்திட்டன. நம் கல்யாண வீட்டுப் பந்தியில்தான் இன்னும் தீரவில்லை.

மீண்டும் தேவகோட்டை: ஓரியூர் போய் வேண்டிக்கொண்டால் பாவம் தீருமா?

போய் வாருங்கள், நல்லது. அது ராமநாதபுரம் மாவட்டத்தில் புனித அருளானந்தர் திருத்தலம். ஆனால் அங்கே பக்தர்கள் எடுத்து வரும் மண்ணை மருந்தாக நினைக்காதீர்கள். 1693-இல் போர்த்துகீசியக் குருவான அருளானந்தர் அங்கே வெட்டுப்பட்ட காரணத்தை யோசியுங்கள். தடியத்தேவர் என்ற மறவர் தலைவர் அவரிடம் ஞானஸ்நானம் பெற ஒரு மனைவியைத் தவிர மற்றவர்களை விலக்கினார். அதில் ஒருத்தி ராமநாதபுரம் மன்னர் சேதுபதியின் உறவுக்காரப் பெண். அந்தக் கோபம்தான் குருவின் தலைக்கு வந்தது. தடியத்தேவரின் அறிக்கை வாயோடு நிற்கவில்லை. ஆனால் விலக்கப்பட்ட பெண்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை. எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.