ரெசல்யூஷனைக் குறைத்தால் பேட்டரி மிச்சமாகுமா? – கேள்வி பதில்

கைப்பேசித் திரையின் ரெசல்யூஷனை, அதாவது படத்தை எத்தனை பிக்சல்களாக (புள்ளிகளாக) வரைவது என்ற அளவை, குறைத்து வைத்தால் சார்ஜ் கூடுதல் நேரம் நிற்குமா என்பதைச் சுற்றியே இம்முறை பெரும்பாலான கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே பொருளில் வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, என்னிடம் இருப்பது கேலக்ஸி எஸ்20. செட்டிங்ஸில் 3200×1440 என்று இருந்ததை 2400×1080 ஆக மாற்றினால், பாதிக்குப் பாதி பிக்சல்கள் அணைந்து அந்த அளவுக்குப் பேட்டரி மிச்சமாகும் என்று நண்பர் சொல்கிறார். உண்மையா?

பதில்: நண்பரின் பெருக்கல் ஏறத்தாழச் சரி. முதல் அளவில் சுமார் 46 லட்சம் பிக்சல்கள், இரண்டாவதில் சுமார் 26 லட்சம். ஆனால் பிக்சல்கள் அணைகின்றன என்பதுதான் தவறு. திரையில் எத்தனை ஒளிப்புள்ளிகள் என்பது அதைத் தயாரித்த நாளிலேயே முடிவாகிவிட்டது. செட்டிங்ஸில் நீங்கள் மாற்றுவது, கைப்பேசி தனக்குள் வரைந்துகொள்ளும் படத்தின் அளவை மட்டுமே. அந்தச் சிறிய படம் பிறகு இழுத்துப் பெரிதாக்கப்பட்டு, எல்லாப் புள்ளிகளிலும் பரப்பப்படுகிறது.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் லென்ஸை வாங்கி, வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து அதன் வழியே பாருங்கள். சிறிய பச்சைப் புள்ளிகள் வரிசையாகவும், அவற்றுக்கு நடுவே சற்றுப் பெரிய சிவப்பு, நீலப் புள்ளிகளும் தெரியும். ரெசல்யூஷனைக் குறைத்துவிட்டு அதே இடத்தை மறுபடி பாருங்கள். அதே புள்ளிகள், அதே நெருக்கத்தில், அதே வெளிச்சத்துடன் எரிந்துகொண்டிருக்கும்; எழுத்துகளின் ஓரம் மட்டும் சற்று மழுங்கியிருக்கும். நம்பாதவர்கள் பலருக்கு இப்படித்தான் காட்டியிருக்கிறேன். திரை ஒளிர்வதற்கு ஆகும் மின்சாரத்தில் எதுவும் குறைவதில்லை.

கேள்வி: அப்படியானால் நிறுவனங்கள் ஏன் அந்த வசதியைத் தருகின்றன? கொஞ்சம்கூடவா மிச்சமில்லை?

பதில்: கொஞ்சம் மிச்சம் உண்டு, அது வேறு இடத்தில் இருக்கிறது. திரையில் படம் மாறும்போதெல்லாம் கிராபிக்ஸ் சிப் ஒவ்வொரு பிக்சலுக்கும் நிறத்தைக் கணக்கிட்டு நினைவகத்தில் எழுத வேண்டும். திரைக்கு அனுப்பும் பகுதி அதை அங்கிருந்து படிக்க வேண்டும். பிக்சல்கள் குறைந்தால் இந்த வேலை குறையும். ஆனால் படம் மாறினால்தான் இந்த வேலையே. நீங்கள் ஒரு கட்டுரையைத் திறந்து, விரலை அசைக்காமல் இரண்டு நிமிடம் படித்தால், அந்த நேரத்தில் வரைய ஒன்றுமே இல்லை. பல திரைகள் கடைசிப் படத்தைத் தமக்குள்ளேயே வைத்துக்கொண்டு காட்டவும் செய்கின்றன. வேலையே நடக்காதபோது வேலையைக் குறைத்து என்ன பயன்?

அளவு புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். உங்கள் எஸ்20-இன் 4000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியில் சுமார் 15 வாட் மணி ஆற்றல் உள்ளது. திரை எரியும்போது மொத்தச் செலவு 1.5 வாட் என்றும், ரெசல்யூஷனைக் குறைத்ததால் அதில் 0.05 வாட் மிச்சம் என்றும் வைத்துக்கொண்டால், 10 மணி நேரம் வருவது 10 மணி 20 நிமிடம் ஆகும். இருபது நிமிடத்தை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்தாலே இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும்.

நிறுவனங்களும் இதை அறிந்தே செய்கின்றன. 2015-இல் வந்த சோனி எக்ஸ்பீரியா இசட்5 பிரீமியத்தில் 4கே திரை இருந்தும், பெரும்பாலான நேரம் அது 1080 அளவில்தான் இயங்கியது. புகைப்படம், வீடியோ போன்றவற்றுக்கு மட்டுமே முழு அளவு. 2017-இல் கேலக்ஸி எஸ்8, 2960×1440 திரையுடன் வந்தாலும், பெட்டியைத் திறக்கும்போது 2220×1080-இல்தான் வைக்கப்பட்டிருந்தது. கண்ணுக்குப் பெரிய வேறுபாடு தெரியாத இடத்தில் சிப்புக்கு வீண் வேலை தர வேண்டாம் என்பது நியாயமான முடிவு என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: என்னுடையதும் எஸ்20 தான். ரெசல்யூஷனைக் குறைத்த பிறகு சார்ஜ் இன்னும் வேகமாக இறங்குகிறது. கைப்பேசியில் கோளாறா?

பதில்: கோளாறாக இருக்க வேண்டியதில்லை. ரெசல்யூஷனைக் குறைத்த கையோடு 120 ஹெர்ட்ஸ் ரெஃப்ரெஷ் ரேட்டையும் (திரை நொடிக்கு 120 முறை புதுப்பிக்கப்படும் அமைப்பு) தேர்ந்தெடுத்தீர்களா என்று முதலில் பாருங்கள். அந்த மாடலில் 1440 அளவில் 60 ஹெர்ட்ஸ் மட்டுமே கிடைக்கும். 1080-க்கு இறங்கினால்தான் 120 திறக்கும். நகரும் காட்சிகளில், 1440 அளவில் நொடிக்கு 60 முறை வரைந்தால் சுமார் 27.6 கோடி பிக்சல்கள். 1080 அளவில் 120 முறை வரைந்தால் சுமார் 31 கோடி. குறைத்ததாக நினைத்துக்கொண்டு நீங்கள் கூட்டியிருக்கிறீர்கள். இதைப் பலரும் கவனிப்பதில்லை. பேட்டரிதான் முக்கியம் என்றால் 1080, 60 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள்.

கேள்வி: அண்ணா, நான் கல்லூரி மாணவன். தினமும் இரண்டு மணி நேரம் கேம் விளையாடுவேன். எனக்காவது பயன் இருக்குமா?

பதில்: இருக்கும் தம்பி, ரெசல்யூஷனால் தெளிவான பயன் பெறுபவர் உங்களைப் போன்றவர்தான். முப்பரிமாண கேமில் ஒவ்வொரு நொடியும் புதிய படங்கள் வரையப்படுகின்றன. கிராபிக்ஸ் சிப்புக்கு ஓய்வே இல்லை. ஆனால் பல கேம்கள் திரையின் அளவைப் பொருட்படுத்தாமல் தமக்கென ஓர் அளவில் வரைந்துகொள்கின்றன. ஆகவே கேமுக்குள் இருக்கும் கிராபிக்ஸ் தரத்தையும் ஃபிரேம் ரேட்டையும் முதலில் குறையுங்கள். கைப்பேசி சூடாவது குறைந்தால், மின்செலவும் குறைந்திருக்கிறது என்று பொருள்.

கேள்வி: உணவு டெலிவரி வேலை செய்கிறேன். மதியம் இரண்டு மணிக்கே சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. திரையை 720-க்குக் குறைத்தும் பலனில்லை, சார்.

பதில்: உங்கள் பிழைப்பே அந்தக் கைப்பேசியில் இருப்பதால் விரிவாகவே சொல்கிறேன். 720-ஐ விட்டுவிடுங்கள், வெயிலில் மங்கலான எழுத்தைப் படிக்கக் கண்தான் வலிக்கும். உங்கள் சார்ஜைத் தின்பவை மூன்று: வெயிலுக்கு ஈடுகொடுக்க முழு அளவில் எரியும் திரை, விடாமல் ஓடும் ஜிபிஎஸ், ஓரிடத்தில் வலுவாகவும் அடுத்த தெருவில் பலவீனமாகவும் கிடைக்கும் சிக்னல். கோபுரம் எட்டாத இடத்தில் கைப்பேசி உரக்கக் கத்த வேண்டியிருக்கிறது. அதற்கான ஆற்றல் பேட்டரியிலிருந்துதான் போகிறது. உங்கள் பகுதியில் 5ஜி விட்டுவிட்டு வந்தால் 4ஜி-யில் நிறுத்திவையுங்கள். வரைபடத்தை வைஃபை இருக்கும்போதே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். தெரிந்த சாலையில் குரல் வழிகாட்டலை மட்டும் கேட்டபடி திரையை அணைத்து ஓட்டுங்கள். இந்த ஒன்று தரும் மிச்சத்தை எந்த ரெசல்யூஷனும் தராது. ஹேண்டில்பாரில் பொருத்தும் கைப்பேசிக்கு மேலே சிறு நிழல் மறைப்பு வைத்தால், வெளிச்சமும் குறைவாகப் போதும், பேட்டரி வெயிலில் வெந்து கெடுவதும் குறையும்.

கேள்வி: திரையின் பின்னணியைக் கருப்பாக்கும் டார்க் மோட் எவ்வளவு உதவும்?

பதில்: ஓஎல்இடி திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரிவதால், கருப்பு என்றால் அந்தப் புள்ளி உண்மையிலேயே அணைந்திருக்கிறது. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட அளவீட்டின்படி, வெளிச்சம் 100 சதவீதத்தில் இருக்கும்போது டார்க் மோடால் சராசரியாக 39 முதல் 47 சதவீதம் வரை மிச்சமாகிறது. நாம் வழக்கமாக வைக்கும் 30 முதல் 50 சதவீத வெளிச்சத்தில் 3 முதல் 9 சதவீதம் மட்டுமே. எல்சிடி திரையில் பின்விளக்கு எப்போதும் எரிவதால் இந்தப் பயன் இல்லை.

கேள்வி: ஐபோனில் ரெசல்யூஷனை எங்கே மாற்றுவது?

பதில்: அந்த வசதி ஐபோனில் இல்லை.

கேள்வி: என் கைப்பேசியிலும் அந்த வசதி இல்லை. கணினியில் இணைத்து ஏடிபி (கணினியிலிருந்து ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குக் கட்டளை அனுப்பும் மென்பொருள்) கட்டளை மூலம் குறைக்கலாம் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: செய்ய முடியும், ஆனால் வேண்டாம் என்பேன். எழுத்தின் அளவு தாறுமாறாகி, சில செயலிகளின் பொத்தான்கள் திரைக்கு வெளியே போய்விடக்கூடும். கிடைக்கப்போகும் சில நிமிடங்களுக்கு அந்தத் தொல்லை தகாது. ஏற்கெனவே செய்துவிட்டவர்கள், அதே ஏடிபி வழியாக மீட்டமைக்கும் கட்டளையைக் கொடுத்துப் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

கேள்வி: நானே அளந்து பார்க்க விரும்புகிறேன். எப்படிச் செய்வது?

பதில்: மிக நல்ல எண்ணம். தானியங்கி வெளிச்சத்தை நிறுத்தி, ஒரே அளவில் வையுங்கள். ஏரோபிளேன் மோடைப் போடுங்கள். கைப்பேசியில் சேமித்த ஒரே வீடியோவை, ஒரே அறையில், 90 சதவீதத்திலிருந்து தொடங்கி மூன்று மணி நேரம் ஓட்டி, எவ்வளவு இறங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் ரெசல்யூஷனை மட்டும் மாற்றி அதையே செய்யுங்கள். ஒரு முறை போதாது. ஒவ்வோர் அளவுக்கும் மூன்று முறையாவது தேவை, ஏனெனில் ஒரே அமைப்பிலேயே ஓரிரு சதவீதம் முன்பின் வரும். வீடியோவுக்கு முடித்த பிறகு, நீங்கள் அன்றாடம் விளையாடும் கேம் ஒன்றிலும் இதையே செய்து, இரண்டு குறிப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.