வெப்ப வேறுபாடு இருந்தும் மின்னழுத்தம் குறைவது ஏன்?

வெயிலில் 60 டிகிரி வரை சூடேறும் தகரத்துக்கும் 30 டிகிரித் தண்ணீர்த் தொட்டிக்கும் இடையே 127 குறைக்கடத்தி இணைகள் கொண்ட பெல்டியர் தகட்டை (இரு முகங்களுக்கு இடையிலான வெப்ப வேறுபாட்டிலிருந்து மின்சாரம் தரும் தகடு) வைத்தும், சுமை எதுவும் இணைக்காத நிலையிலேயே 0.4 வோல்ட்தான் வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். தகடு பழுதில்லை என்றே கருதுகிறேன். அவ்வகைத் தகடு ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு ஏறத்தாழ 0.05 வோல்ட் தருவதால், அதன் இரு முகங்களுக்கு இடையே உண்மையில் இருப்பது 8 டிகிரி மட்டுமே. மீதியெல்லாம் தகரத்திலிருந்து தகட்டுக்கும் தகட்டிலிருந்து தண்ணீருக்கும் வெப்பம் கடக்கும் இடங்களிலேயே வீணாகிறது. இரு முகங்களிலும் வெப்பப் பசையை மெல்லியதாகப் பூசி, அலுமினியத் தட்டுகளுக்கு நடுவே நன்றாக இறுக்குங்கள். குளிர்ந்த பக்கத்துத் தண்ணீர் தேங்காமல் தானாக ஓடுவது நல்லது. பம்பு வைத்தால் கிடைப்பதைவிடச் செலவாகும் மின்சாரமே மிகும். இந்த வெப்பநிலைகளுக்குக் கார்னோ வரம்பே, அதாவது வெப்பத்தில் மின்சாரமாக மாற்றக்கூடிய உச்ச அளவே, 9 விழுக்காடுதான் என்பதால், கைப்பேசிக்கு மின்னேற்றும் எண்ணத்தை விட்டுவிட்டு, மின்னழுத்தம் உயர்த்தும் சுற்றுடன் ஒரு சிறிய உணரியை இயக்கிப் பாருங்கள்.