துணிப்பையில் மாட்டிக்கொண்ட கறிவேப்பிலை: பையை வெட்டிவிடுங்கள்

பெங்களூரு மொட்டைமாடியில் மூன்று வருடமாகத் துணிப்பையில் வளரும் கறிவேப்பிலைச் செடியை வேறு இடத்துக்கு மாற்ற இழுத்தால் வரமாட்டேன் என்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். இழுக்காதீர்கள். பையைக் காப்பாற்றப் பார்த்தால் செடி போய்விடும். மூன்று வருடம் உழைத்த பைதானே, வெட்டிவிடுங்கள்.

பாதி வந்து நின்று, நறநறவென்று அறுகிற சத்தம் கேட்கிறது என்கிறீர்கள். மெல்லிய வேர்கள் துணிக்குள் புகுந்து பிடித்திருக்கும். பையின் வெளிப்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளை நுனிகள் முடி மாதிரி எட்டிப் பார்த்தால் அதேதான்.

வெட்டுவதற்கு முந்தின நாளே மண்ணை நனைத்துவையுங்கள். மண்ணில் கலந்த தென்னை நார்த்தூள் நன்றாகக் காய்ந்து சுருங்கியிருந்தால், மேலே ஊற்றும் தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓரமாக வழிந்துவிடலாம். அதனால் பையோடு அரை மணி நேரம் ஒரு டப் தண்ணீரில் உட்கார வையுங்கள். மறுநாள் சாயங்காலம் செடியைப் படுக்கவைத்து, விளிம்பிலிருந்து அடிவரை இரண்டு பக்கமும் கத்தரியால் வெட்டி, வாழைமட்டை உரிப்பதுபோல உரியுங்கள். ஒட்டிய இடத்தில் பிய்க்காமல், துணியை ஒட்டிக் கத்தியை ஓட்டுங்கள். நுனிவேர் கொஞ்சம் போனால் பரவாயில்லை.

ஒன்று மட்டும்: கறிவேப்பிலைக்கு வேரைக் கலைத்தால் ஆகாது, மண்கட்டியை உதறாதீர்கள். பெங்களூரு ஏப்ரல் வெயிலில், அதுவும் மொட்டைமாடியில், இந்த வேலை வேண்டாம். ஜூனில் மழை பிடிக்கட்டும். மாற்றியபின் பத்து நாள் நிழல். இலை கொஞ்சம் உதிரும்; பயந்துபோய் உரம் போட்டுவிடாதீர்கள், நான் அப்படித்தான் ஒன்றைக் கொன்றேன்.